வலியை முதலில் இறக்கி வையுங்கள்

ஒரு வீட்டுக்குள் முதல் முறை நுழையும்போது கட்டிலில் கிடப்பவரை நான் உடனே பார்ப்பதில்லை. அவரைப் பார்த்துக்கொள்பவரைத்தான் முதலில் பார்ப்பேன். தலை வாரியிருக்கிறாளா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாளா என்று கண் போகும். கட்டிலை ஒட்டித் தரையில் பாய் கிடந்தால் அவளுக்கு ராத்தூக்கம் இல்லை. அடுப்படியில் நேற்றைய சோறு தண்ணீர் ஊற்றியபடி அப்படியே இருந்தால் அவள் சாப்பிடவில்லை. நான் போன வீடுகளில் பெரும்பாலும் அந்த ஆள் மனைவி, மகள், மருமகள் என்று ஒரு பெண்ணாகவே இருந்ததால் ‘அவள்’ என்று எழுதுகிறேன். நோயாளியின் கேஸ் ஷீட்டில் இதையெல்லாம் எழுத இடம் கிடையாது. ஆனால் அந்த வீட்டில் வரப்போகும் மாதங்கள் எப்படிப் போகும் என்பதை இவைதான் சொல்லும்.

தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு வலி தணிப்பு சிகிச்சை செய்யும் செவிலியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். முற்றிய புற்றுநோய், பக்கவாதம், தண்டுவடக் காயம், மறதி நோய் என்று எல்லாம் உண்டு. படித்தவர்கள் ‘பாலியேட்டிவ் நர்ஸ்’ என்பார்கள். ஆச்சிமார்களுக்கு நான் ‘புண்ணு கட்டுத சிஸ்டர்’.

அதற்கு முன் தொண்ணூறுகளில் ஒரு பெரிய மருத்துவமனையின் புற்றுநோய் வார்டில் இருந்தேன். கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துப் பார்த்து, நோய் மட்டுப்படவில்லை என்றால் குடும்பத்தாரைக் கூப்பிட்டு, “இனி செய்ய ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்பார்கள். ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டியதும் அடுத்த ஆள் அந்தப் படுக்கைக்கு வந்துவிடுவார். போனவர் வீட்டில் என்ன ஆனார், இரவில் வலி வந்தால் யாரைக் கூப்பிட்டார், புண்ணை யார் கழுவினார் என்று வார்டில் எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

2000களின் நடுவில் கோழிக்கோட்டில் இருக்கும் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பாலியேட்டிவ் மெடிசினுக்கு ஆறு வாரப் பயிற்சிக்குப் போனேன். அந்த ஊர் மருத்துவக் கல்லூரியில்தான் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலானவர்கள் 1993இல் வலி நிவாரண மையத்தைத் தொடங்கியிருந்தார்கள். மலப்புறம் பக்கம் வீட்டுப் பார்வைக்கு எங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கூடவே ஆட்டோ ஓட்டுகிறவர், மளிகைக்கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஊர்க்காரர்களும் வருவார்கள். அரிசி கொண்டுபோவது, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பீஸுக்கு வழி செய்வது, கட்டிலைச் சாய்வாக மாற்றிப்போடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது.

வகுப்பில் சிசிலி சாண்டர்ஸைப் பற்றிச் சொன்னார்கள். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியவர். முதலில் செவிலி, பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு படித்து மருத்துவர் ஆனவர். வலி உடம்பில் மட்டும் இருப்பதில்லை, மனசிலும், குடும்பத்திலும், கடன் கணக்கிலும், சாமியோடு இருக்கிற வழக்கிலும் சேர்ந்தே இருக்கிறது என்பது அவர் சொன்னது. கேட்கும்போது தலையாட்டினேன். அது விளங்கியது ஆலங்குளம் பக்கத்து ஒரு வீட்டில்.

அந்த வீட்டுக்காரருக்கு வாய்ப் புற்று. கன்னம் ஓட்டை விழுந்து புண் வெளியே வந்துவிட்டது. பேச்சு குழறியதால் பேரனின் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். மனைவி கட்டிலுக்குக் காலடியில் உட்கார்ந்து மடியில் தட்டு வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். எங்கள் பக்கத்தில் நோயாளி வீடுகளில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. ஆளை விட்டு நகரவும் முடியாது, அன்றைய கூலியை விடவும் முடியாது. புண்ணின் வாடையில் பேரன் உள்ளே வருவதை நிறுத்தியிருந்தான். சொந்தக்காரர்கள் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். முதல் நாள் அவர் சிலேட்டில் எழுதிக் காட்டியது ஒரே ஒரு வார்த்தை: “சாகணும்.”

அன்றைக்கு அவரிடம் நான் வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. டாக்டர் எழுதித் தந்தபடி மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம், நசுக்கிக் கரைத்து மூக்குக் குழாய் வழியே கொடுக்கச் சொல்லித் தந்தேன். மார்ஃபின் மலத்தைக் கட்டும் என்பதால் கூடவே மலமிளக்கி. புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி, வாடை அடங்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினேன். இரண்டொரு நாளில் வாடை குறைந்தது. மார்ஃபின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியதில் வாரக் கடைசியில் அவர் முழு இரவும் தூங்கினார். அதற்கடுத்து நான் போனபோது சிலேட்டை என்னிடம் நீட்டினார். “பீடிக்கடையில இவளுக்குக் கணக்குக் குறைச்சுப் போடுதான். கேளுங்க” என்று எழுதியிருந்தது. மனைவி சிரித்துக்கொண்டே, “பழையபடி கணக்குப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு சிஸ்டர்” என்றார். பேரன் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகு ஒன்றரை மாதம்போல இருந்தார். ‘சாகணும்’ என்று மறுபடி எழுதவில்லை. ஏற்றுக்கொள்ளுதல், மன அமைதி என்றெல்லாம் பெரிய பேச்சுப் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வலியில் துடிப்பவர் காதில் எந்தத் தத்துவமும் ஏறாது. முதலில் வலியை இறக்கி வையுங்கள். மிச்சத்தில் பாதியை அவரே பார்த்துக்கொள்வார்.

அந்த மார்ஃபின் மாத்திரை கிடைப்பதே அப்போது பெரும்பாடு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. அதிலிருந்துதான் மார்ஃபின் எடுக்கிறார்கள். ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே பல உரிமங்கள் தேவைப்பட்டன. இந்தத் தொல்லை எதற்கு என்று பலரும் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி, நாடு முழுவதற்கும் ஒரே விதி, ஒரே உரிமம் என்று ஆக்கினார்கள். காகிதத்தில் இருந்த தடை குறைந்தது. மனசில் இருக்கிற தடை இன்னும் போகவில்லை. “போதைக்கு அடிமையாயிர மாட்டாரா சிஸ்டர்?” என்று இன்றும் கேட்கிறார்கள். வலிக்கு ஏற்ற அளவில், நேரம் தவறாமல், டாக்டர் பார்வையில் கொடுத்தால் பயப்பட வேண்டியதில்லை என்பதை ஒவ்வொரு வீட்டிலும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த சிக்கல் ரகசியம். வாசலிலேயே என்னை மறித்து, “அவருகிட்ட என்ன சீக்குன்னு சொல்லிராதீங்க” என்பார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டில் மனைவி அப்படித்தான் கேட்டுக்கொண்டார். அல்சர் என்று சொல்லி வைத்திருந்தார்கள். மனைவி காப்பி போடப் போன நேரம் பார்த்து வாத்தியார் என் கையைப் பிடித்தார். “எனக்கு எல்லாம் தெரியும்மா. கேன்சர் ஆஸ்பத்திரிப் போர்டை வாசிக்கத் தெரியாதவனா நான்? அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா, சொல்லிராதே” என்றார். தலையணைக்குக் கீழே வீட்டுப் பத்திரமும், பென்ஷன் தாள்களும், மனைவி பெயருக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற எங்கே போக வேண்டும் என்று எழுதிய குறிப்பும் இருந்தன. அவள் கண்ணில் படாமல் இதையெல்லாம் எழுதி முடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் நான் யாருடைய ரகசியத்தையும் போட்டு உடைப்பதில்லை. நோயாளியிடம், “உங்களுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க?” என்று மட்டும் கேட்பேன். அன்றைக்கு மனைவி காப்பியோடு வந்து நிற்கும்போது அதே கேள்வியை மறுபடி கேட்டேன். வாத்தியார் மனைவியின் முகத்தைப் பார்த்தார். “ரொம்ப நாள் இல்லன்னு நினைக்கேன்” என்றார். அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். இருவரும் அழுதார்கள். மறுவாரம் நான் போனபோது பத்திரம், தாள்கள் எல்லாம் மேசைமேல் இருந்தன. வங்கிப் படிவத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய புத்தகத்தில் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகளைச் சொல்லியிருக்கிறார். பயிற்சியில் மனப்பாடம் செய்தோம். வீடுகளில் அவை வரிசைப்படி வந்து நான் பார்த்ததில்லை. காலையில் “எல்லாம் அவன் செயல்” என்றவர் சாயங்காலம் ஜோசியரைக் கூட்டிவரச் சொல்வார். ஏற்பு என்பது ஒரு தடவை வந்தால் தங்கிவிடுகிற சங்கதி இல்லை.

உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறி எனக்கு அதைச் சொல்லித் தந்தார். மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கேரளத்து வைத்தியம், எண்ணெய், கட்டு, வேண்டுதல் என்று கையிலிருந்த காசு முழுக்கத் தீர்ந்த பிறகுதான் எங்களுக்குத் தகவல் வந்தது. பிட்டத்தில் எலும்பு தெரியும் அளவுக்குப் படுக்கைப் புண். அவர் மனைவிக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பதை. பிறகு அவருக்கே கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளவும், கண்ணாடி வைத்துத் தன் முதுகைத் தானே பார்க்கவும், சிறுநீர்க் குழாயைப் பராமரிக்கவும் சொல்லிக்கொடுத்தோம். புண் ஆற ஏழெட்டு மாதம் ஆனது. “எப்ப நடப்பேன்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். “நடக்கிறது கஷ்டம் அண்ணாச்சி. உட்காரலாம், வண்டியில வெளிய போகலாம்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். ஒருநாள் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. குருத்தோலையை வகிர்ந்து கடகம் முடைந்துகொண்டிருந்தார். “மரத்துக்கு நான் போக முடியாது. ஓலை என்கிட்ட வருதுல்லா” என்றார்.

இதை வெற்றிக்கதையாக எழுத எனக்கு மனசு வராது. பதநீர்ப் பருவம் தொடங்கும்போதெல்லாம் அவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அந்த நாட்களில் மனைவி அவரைத் தொந்தரவு செய்ய மாட்டார். நாலைந்து நாள் கழித்து ஓலையை நனைத்துப் பக்கத்தில் வைப்பார். கடகம் விற்ற காசை விடவும், அந்த வீட்டை நிமிர்த்தி வைத்தது அவர் மறுபடியும் ஓலையை எடுப்பார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்ததுதான்.

இப்போது மருமகள்கள் கதை. பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை நான்காவது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், தொழுவத்துப் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்: “இவங்க எப்பப் போவாங்கன்னு இருக்கு சிஸ்டர். நான் நல்லவ இல்ல.” கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மாமியார் அவளைப் படுத்திய பாடு தெருவுக்கே தெரியும். அந்த மாமியாருக்குத்தான் இவள் பீ மூத்திரம் அள்ளுகிறாள். தூங்கி எத்தனை நாளாச்சு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அழுதாள்.

தென்மாவட்டங்களில் வேலை செய்கிற எங்களிடம் இதைவிடக் கனமான கேள்வியும் வரும். “தலைக்கு எண்ணெ வச்சுக் குளிப்பாட்டிரலாமா?” என்று தணிந்த குரலில் யாராவது ஒரு பெரியவர் கேட்பார். குளிப்பாட்டிச் சாகவிட்டுவிடலாமா என்பதுதான் அதற்கு அர்த்தம். கேட்பவர்கள் கொலைகாரர்கள் இல்லை. வலியில் கத்துகிறவரைப் பார்க்கச் சகிக்காமலும், கடன் கழுத்துக்கு வந்துவிட்டதாலும் கேட்கிறார்கள். அது குற்றம், கூடாது என்று நேராகச் சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வேலையைத் தொடங்குவேன். வலிக்கு மருந்து, காற்றுப் படுக்கை, குழாய், முதியோர் உதவித்தொகைக்கு மனு. சுமை பங்கான வீட்டில் அந்தக் கேள்வி மறுபடி வந்ததில்லை.

அந்த மருமகள் வீட்டில் செய்ததும் அதுதான். எதிர்வீட்டு மதினியிடமும் சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருந்த இரண்டு பெண்களிடமும் பேசினேன். வாரத்தில் இரண்டு மத்தியானம் அவர்கள் வந்து ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முதல் மத்தியானம் இவள் எங்கும் போகவில்லை, அடுத்த அறையில் படுத்துச் சாயங்காலம் வரை தூங்கினாள். சில வாரம் கழித்து டவுனுக்குப் போய் வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். ‘இவங்க எப்பப் போவாங்க’ என்ற பேச்சு தானாக நின்றது. மாமியார் போன அன்று அந்தத் தெருவிலேயே அதிகம் அழுதவள் அவள்தான். பாசம் இருந்தால்தான் பணிவிடை செய்ய முடியும் என்று நினைத்திருந்தேன். பணிவிடை செய்து செய்து பாசம் வந்த வீடுகளையும் பார்த்துவிட்டேன்.

கடைசி நாட்களில் பெரிய சண்டை சாப்பாட்டுக்குத்தான் வரும். “வெறும் வயித்தோட அனுப்பலாமா?” என்று வாயைத் திறந்து கஞ்சியை ஊற்றுவார்கள். உடம்பு அடங்கும்போது பசியும் அடங்கிவிடுகிறது, சாப்பிடாததால் அவர் சாகவில்லை, சாகப்போவதால் சாப்பிடவில்லை என்று பொறுமையாகச் சொல்வேன். ஊற்றினால் நெஞ்சுக்குள் போய் மூச்சுத் திணறும். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தால் போதும். பேரன் பேத்திகள் பால் விட வேண்டும் என்றால் உதட்டில் ஒரு துளி தடவலாம். தொண்டையில் கர்கர் என்று சத்தம் கேட்டால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அந்தச் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களைத்தான் அதிகம் வருத்தும்.

அந்த நேரம் பார்த்து வெளியூர்ப் பிள்ளை விமானத்தில் வந்து இறங்குவார். “ஏன் ஐசியூவுக்குக் கொண்டுபோகல?” என்று சத்தம் போடுவார். வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்ட அக்கா கூனிக் குறுகி நிற்பாள். அவர் கோபத்துக்குள் இருப்பது கூட இருக்க முடியாமல் போன வருத்தம் என்பதால் நான் வாதம் செய்வதில்லை. தேங்காயெண்ணெயைக் கையில் கொடுத்து, “அப்பா கால்ல தடவி விடுங்க தம்பி” என்பேன். தடவத் தொடங்கியதும் சத்தம் தணியும்.

தனக்கு என்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அங்கீகரித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும். நினைவோடு இருக்கும்போதே பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைப் பேசிவிட்ட குடும்பங்களில் கடைசி வாரம் அமைதியாகப் போகிறது.

கருமாதி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போவது எங்கள் வேலையின் கடைசிப் பகுதி. பார்த்துக்கொண்டவளுக்குத் திடீரென்று கையில் வேலை இல்லை. “ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துருது சிஸ்டர். புரட்டிப் போடணும்னு எழுந்திருச்சிருதேன். கட்டில் காலியா கிடக்கு” என்றார் ஒரு அம்மா. இன்னொரு டாக்டரிடம் காட்டியிருக்கலாமோ, அன்றைக்கு அதட்டாமல் இருந்திருக்கலாமோ என்று கணக்குப் பார்ப்பார்கள். நான் ஆறுதல் வாக்கியம் வைத்திருப்பதில்லை. “முதுகுல ஒரு புண்ணு இல்லாம அனுப்பி வச்சீங்க” என்று நடந்ததைச் சொல்வேன். அது உண்மை என்பதால் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

“நான் என்ன பாவம் செஞ்சேன்?” என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கேட்பவரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை என்பது போகப் போகத் தெரிந்தது. பையைத் தோளிலிருந்து இறக்கி, அவர் கண் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து, கைப்பேசியை அணைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழக வருஷங்கள் ஆயின. நோய்க்கு அர்த்தம் கற்பிக்க யாராலும் முடியாது. மீதியிருக்கிற நாட்களில் மனுஷனாக நடத்தப்பட்டவர், அந்த நாட்களுக்கு ஏதோ ஓர் அர்த்தத்தைத் தானே கண்டுகொள்கிறார். சிலேட்டில் பீடிக்கணக்குக் கேட்டவரும் பென்ஷன் குறிப்பு எழுதிய வாத்தியாரும் அப்படித்தான்.

இன்று நிலைமை நிறைய மாறியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வலி தணிப்பு சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வருகின்றன. முன்பெல்லாம் எங்களைப் போன்றவர்கள் இருப்பதே தெரியாத ஊர்களுக்கு இப்போது அரசு செவிலி போகிறார். ஆனால் எந்தச் செவிலி வந்தாலும் ஒரு மணி நேரம்தான் இருப்பார். மீதி நேரம் முழுவதும் அந்த வீட்டுப் பெண்ணுடையது.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். வாரத்தில் ஒரு மத்தியானம் அங்கே போய் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். இன்னாருக்கு இந்த மூலிகையில் குணமானது என்று சொல்லாதீர்கள், யாருக்கோ இதே நோய் வந்து செத்த கதையையும் சொல்லாதீர்கள். “நான் பாத்துக்கிடுதேன், நீ போய்த் தூங்கு” என்று அவளிடம் சொல்லுங்கள். வலி அதிகம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாலியேட்டிவ் நர்ஸ் எந்த நாள் வருவார் என்று விசாரித்து அந்த வீட்டுக்குத் தகவல் கொடுங்கள். இதற்குப் படிப்பும் தேவையில்லை, பணமும் தேவையில்லை. நீங்கள் போனால் போதும்.